வெளிநாட்டில் செல்போன் திருடுபோனால்: ஊரில் இருப்பவர் செய்ய வேண்டியவை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை கே.கே. நகரிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள், உங்கள் அப்பாவும் அம்மாவும் தைப்பூசத்துக்காகத் திருச்சியில் விமானம் ஏறிக் கோலாலம்பூர் போய், பத்துமலையில் முருகனைத் தரிசித்துவிட்டு, அங்கிருந்து சிங்கப்பூரில் உள்ள உங்கள் சித்தி வீட்டுக்குப் போகவிருப்பதாகச் சொல்கிறீர்கள். வங்கி, யுபிஐ, வாட்ஸ்அப், பயணச்சீட்டு எல்லாமே அப்பாவின் ஆண்ட்ராய்டு செல்போனில்தான் இருக்கின்றன. வழியில் அது திருடுபோனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து யாத்திரைக் குழுக்களை வெளிநாட்டுக் கோயில்களுக்கு அழைத்துப் போகும் வேலையில் இருப்பதால், இந்தச் சிக்கலில் மாட்டியவர்களோடு கூடவே நின்று பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. செல்போன் திருடுபோவது மலேசியாவில் என்றாலும், அதன் பிறகு ஆக வேண்டிய காரியங்களில் முக்கால் பங்கு மதுரையில் இருந்துகொண்டுதான் செய்ய முடியும். அதற்கு ஊரில் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் நீங்கள்தான்.

திருடுகிறவனுக்கு இரண்டு வகையில் ஆதாயம் இருக்கிறது. செல்போனைக் கருவியாக விற்றுக் காசாக்குவது ஒன்று. அது நமக்கு நட்டம் என்றாலும் அந்த நட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. உள்ளே இருக்கும் சிம் கார்டையும், அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியையும் வைத்து வங்கிக் கணக்கில் கை வைப்பது மற்றொன்று. இதற்கு எல்லை கிடையாது. பின்கோடு, அதாவது இயங்குவதற்கு முன் கேட்கும் ரகசிய எண், இல்லாத சிம்மைக் கழற்றி வேறொரு செல்போனில் போட்டால், திரைப்பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். ஆகவே பதற்றத்தில் கருவியைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, எண்ணையும் கணக்கையும் காப்பாற்றுவதில்தான் முதல் ஒரு மணி நேரத்தைச் செலவிட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் எதை முதலில் செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். உடனே சிம்மை முடக்கச் சொல்லித் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைப்பதே எல்லாருக்கும் தோன்றும் வழி. ஆனால் செல்போனுக்கு இணையம் வருவதே அந்த சிம் மூலம்தான் என்றால், அதை முடக்கிய அடுத்த நொடி இணையம் அறுந்துவிடும்; தொலைவிலிருந்து பூட்டுவதற்கு நாம் அனுப்பும் கட்டளை போய்ச் சேராது. எனவே இணைய வழியில் செல்போனைப் பூட்டுவது முதல் வேலை, சிம்மை முடக்குவது அதற்கு அடுத்த வேலை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்பா கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கிப் போட்டு, இந்திய சிம்மையும் கூடவே வைத்திருந்தால், இணையம் மலேசிய சிம்மில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது இந்திய சிம்மைத் தாமதமில்லாமல் முடக்கிவிடலாம், பூட்டும் வேலை அதனால் கெடாது. பேசிக்கொண்டிருக்கும்போதோ படம் எடுக்கும்போதோ, திரை திறந்திருக்கும் நிலையில் பறித்துக்கொண்டு ஓடியிருந்தால் கணக்கே வேறு. அப்போது வங்கியையும் சிம்மையும் முதலில் முடக்க வேண்டும், பூட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த நிலையிலும், பூட்ட முடியவில்லையே என்பதற்காக இந்திய சிம்மைக் கால் மணி நேரத்துக்கு மேல் உயிரோடு விட்டுவைக்கக் கூடாது என்பது என் கருத்து.

பூட்டுவதற்கான வழி கூகுளின் ஃபைண்ட் ஹப். சில காலம் முன்புவரை ஃபைண்ட் மை டிவைஸ் என்ற பெயரில் இருந்தது அதுதான். உங்கள் செல்போனிலேயே அந்தச் செயலியைத் திறந்து, விருந்தினராக நுழைந்து, அப்பாவின் ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், அவருடைய செல்போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம், பூட்டலாம், உள்ளே இருப்பதை முழுவதும் அழிக்கலாம். அழித்துவிட்டால் அதன் பிறகு இருப்பிடம் தெரியாது என்பதால், பூட்டுவதை முதலிலும், திரும்பக் கிடைக்காது என்று தெளிவான பிறகு அழிப்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள செல்போன்களில், ரிமோட் லாக் என்ற வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், கடவுச்சொல் தெரியாதபோதும் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துத் திரையைப் பூட்டிவிடலாம். செல்போன் போய்விட்டதே என்று அந்தக் கருவியைக் கூகுள் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் விற்கப் பார்க்கிறவனிடம் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு மறிக்கும் பாதுகாப்பு, அந்தக் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்வரைதான் வேலை செய்யும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான்; அவர்கள் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து தொலைந்ததாகக் குறிக்கலாம், அதற்கு வேறு கருவிக்கு வரும் குறியீடு தேவைப்படாது.

இவ்வளவும் ஜிமெயில் கடவுச்சொல் தெரிந்திருந்தால்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் விஷயத்தில் இங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது. பத்துமலைக் கோயிலை ஒட்டியே இருக்கும் ரயில் நிலையத்தில், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, எங்கள் குழுவில் வந்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் ஜோல்னாப் பையை அடியில் பிளேடால் கீறிச் செல்போனை எடுத்துவிட்டார்கள். அவருக்கு மகனுடைய எண் மனப்பாடமாகத் தெரியவில்லை. அவர் மனைவி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் இடையே, பேத்தி பேனாவால் எழுதிக் கொடுத்த துண்டுத் தாள் ஒன்று நாலாக மடித்து இருந்தது. அதில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் என் செல்போனிலிருந்து மகனை அழைத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்பா, ஜிமெயில் பாஸ்வேர்ட் என்ன?” என்பது. “அதெல்லாம் கடைக்காரத் தம்பி போட்டுக் கொடுத்ததுப்பா, எனக்கென்ன தெரியும்?” என்றார் பெரியவர். செல்போன் வாங்கிய அன்று கடையில் இருந்த பையன் ஏதோ ஒரு பெயரில் கணக்குத் தொடங்கி, ஏதோ ஒரு கடவுச்சொல்லைப் போட்டு, ப்ளே ஸ்டோரைத் திறந்து கொடுத்திருக்கிறான்; அதன் பிறகு அந்தக் கணக்கு யார் நினைவிலும் இல்லை. ஆகையால் பூட்டும் முயற்சியை அங்கேயே கைவிட்டு, வங்கியையும் சிம்மையும் முடக்கினோம். பணம் தப்பியது. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் அந்த செல்போனில் மட்டுமே இருந்தன. அவை போனது போனதுதான்.

ஆகவே அப்பா புறப்படுவதற்கு முன்பு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த செல்போனில் எந்த ஜிமெயில் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டால், செல்போன் கையில் இருக்கும் இப்போதே மாற்றிவிடுவது எளிது. மீட்பு எண்ணாகவும் மீட்பு மின்னஞ்சலாகவும் உங்களுடையவற்றைக் கொடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தால், கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எடுத்து மதுரையில் உங்கள் பீரோவில் வையுங்கள். அவை இல்லாவிட்டால், திருடுபோன செல்போனுக்கே ஓடிபி அனுப்பி, அதைக் கொண்டுவா என்று கேட்கும் கொடுமை நேரும். பிறகு உங்கள் செல்போனிலிருந்து ஃபைண்ட் ஹப்பில் நுழைந்து, அப்பாவின் செல்போனை ஒரு தடவை ஒலிக்கச் செய்து பாருங்கள். வீட்டில் ஒலித்தால், கோலாலம்பூரில் இருக்கும்போதும் அதே வழியில் நுழைந்து பூட்டலாம் என்ற நம்பிக்கை உங்களுக்கு வரும்.

திரைப்பூட்டையும் அதே கையோடு சரிசெய்துவிடுங்கள். ஆங்கில எழுத்து எல் வடிவத்தில் கோடு போடும் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்கப் பின்கோடு வையுங்கள். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் வாசகம் தெரியாதபடி அறிவிப்புகளை மறைத்துவிடுங்கள். சிம் கார்டுக்கும் தனியாகப் பின்கோடு உண்டு. அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். அதை வைத்துவிட்டால், கழற்றி வேறு செல்போனில் போட்டாலும் அந்தக் கோடு இல்லாமல் சிம் இயங்காது. மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். பிறகு நிறுவனம் தரும் எட்டு இலக்கப் பியுகே எண்தான் அதைத் திறக்கும். ஆகவே பின்கோட்டை அப்பாவுக்கு நன்றாகப் பழக்கிவிட்டு அனுப்புங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஆனால் நான் சொல்லும் ஏற்பாடுகளில் செலவே இல்லாமல் மிகப் பெரிய பாதுகாப்பைத் தருவது இதுதான்.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். திருடன் கையில் சிம் இருந்தாலும் யுபிஐ பின் தெரியாமல் பணம் அனுப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் புதிய யுபிஐ பின் போடுவதற்கு டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும், காலாவதி மாதமும், ஓடிபியும்தான் அடிப்படை. சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் சேர்த்துக் கேட்கும். நம்மவர்கள் பலர் செல்போனின் மடிப்பு உறைக்குள்ளேயே டெபிட் கார்டைச் செருகி வைக்கிறார்கள், அல்லது கார்டைப் படம் எடுத்துக் கேலரியில் வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எண்ணும் கார்டும் ஒரே இடத்தில் திருடனுக்குக் கிடைத்துவிடும். அந்த உறையை இப்போதே மாற்றுங்கள். கேலரியில் இருக்கும் கார்டு, ஆதார், பான் படங்களை நீக்குங்கள். யுபிஐ லைட் வைத்திருந்தால், அதில் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய் வரை பின் கேட்காமலே போகும், மொத்தம் 5,000 ரூபாய் வரை அதில் வைத்திருக்கலாம். பயணத்துக்கு முன் அதைக் காலி செய்துவிடுவது நல்லது.

திருட்டு நடந்தவுடன் வங்கியை அழைத்து, கார்டு, இணையவழிச் சேவை, யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்ல வேண்டும். அழைப்பவர் கணக்கு வைத்திருப்பவராக இருந்தால்தான் வங்கி பேசும் என்ற நிலை வரலாம். அப்போது அப்பா யாருடைய செல்போனிலிருந்தாவது உங்களை அழைக்கட்டும். நீங்கள் வங்கியை இன்னொரு பக்கம் அழைத்து மூன்று பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிடுங்கள். அப்பா தன் விவரங்களைச் சொல்லட்டும், நீங்கள் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கச் சுருக்க எண்களும் கட்டணமில்லா எண்களும் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. +91 என்று தொடங்கும் முழு எண்ணை வங்கியிடமும் செல்போன் நிறுவனத்திடமும் கேட்டு முன்பே எழுதி வையுங்கள். புகாரின் நேரம் மிக முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறில்லாமல் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் ஆனால் வரம்புக்குட்பட்ட இழப்பு உண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், அவர் வங்கிக்குச் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. அதனால்தான் புகார் எண்ணும் நேரமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பணம் ஏற்கெனவே போயிருந்தால், மதுரையிலிருந்து நீங்களே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

வாட்ஸ்அப்பை மறந்துவிடாதீர்கள். அப்பாவின் பெயரில் சொந்தக்காரர்களிடம் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி வரலாம். ஆகவே குடும்பக் குழுக்களில் நீங்களே முந்திக்கொண்டு, போன் திருடுபோய்விட்டது, அந்த எண்ணிலிருந்து என்ன வந்தாலும் நம்ப வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். சிம் முடங்கிவிட்டதால் அப்பா வேறு செல்போனில் வாட்ஸ்அப்பைத் திறக்க முடியாது. எனவே வாட்ஸ்அப்பின் உதவி மின்னஞ்சலுக்கு, செல்போன் திருடுபோனதையும் கணக்கை முடக்க வேண்டும் என்பதையும், +91 உடன் முழு எண்ணையும் எழுதினால் முடக்கிவிடுவார்கள். 30 நாட்களுக்குள் அதே எண்ணில் மீண்டும் திறந்துகொள்ளலாம். தவறினால் கணக்கு அழிந்துபோகும்.

காவல்துறைப் புகார் செல்போனை மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனாலும் அதை விட்டுவிடக் கூடாது. காப்பீட்டுக்கும், பின்னால் வங்கியோடு வழக்காட நேர்ந்தால் அதற்கும், அந்தத் தாள் வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காவல்துறை அவசர எண் 999. ஆபத்து ஏதும் இல்லாத திருட்டுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்துக்கே நேரில் போகலாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழில் பேச வேண்டும் என்று கேட்க உங்கள் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. புகாரில் ஐஎம்இஐ எண்ணைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும் 15 இலக்க எண் அது. செல்போன் வந்த பெட்டியிலும், பெரும்பாலும் ரசீதிலும் இருக்கும். பயணக் காப்பீட்டில் செல்போன் அடங்குமா என்பதையும் ஒப்பந்தத்தை வாசித்தே தெரிந்துகொள்ளுங்கள். செல்போனை அறவே விலக்கிவைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு.

இனி, செல்போன் இல்லாமலே பயணத்தைத் தொடர்வது எப்படி என்பது. பாஸ்போர்ட் இருந்தால் விமான நிறுவனத்தின் முகப்பிலேயே போர்டிங் பாஸை அச்சிட்டுத் தருவார்கள், அதில் கவலையில்லை. ஆனால் உங்கள் பெற்றோரின் பயணத்தில் தனியாக ஒரு முடிச்சு இருக்கிறது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உரிய வருகை அட்டைகளை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் இணையத்தில் நிரப்ப முடியும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மலேசிய அட்டையை மதுரையிலேயே நிரப்பிவிடலாம். சிங்கப்பூர் அட்டையை அவர்கள் கோலாலம்பூரில் இருக்கும்போதுதான் நிரப்ப வேண்டியிருக்கும், அப்போது கையில் செல்போன் இல்லையென்றால் தவித்துப்போவார்கள். ஆகவே திருட்டு நடக்கிறதோ இல்லையோ, அதை நீங்களே மதுரையிலிருந்து நிரப்பிவிடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் விசாவையும் பயணச்சீட்டுகளையும் இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றை அப்பாவின் பையிலும் மற்றொன்றை அம்மாவின் பையிலும் வையுங்கள். செல்போனோடு பாஸ்போர்ட்டும் போய்விட்டால் நிலைமை வேறு. காவல்துறைப் புகாருடன் இந்தியத் தூதரகத்துக்குப் போய் அவசரச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது இந்தியாவுக்குத் திரும்புவதற்கு மட்டுமே செல்லும், சிங்கப்பூர்ப் பயணத்தைக் கைவிட வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டையும் செல்போனையும் ஒரே பையில் வைக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்திய சிம்மை அப்பாவின் ஸ்மார்ட்போனிலிருந்து எடுத்து, விலை குறைந்த பட்டன் போன் ஒன்றில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவது, நான் எல்லாக் குழுவுக்கும் சொல்லும் ஏற்பாடு. வங்கியின் ஓடிபி அதில் வரும். ஸ்மார்ட்போனில் உள்ளூர் சிம் மட்டும் இருக்கும். எது திருடுபோனாலும் மற்றது மிஞ்சும். சில வங்கிச் செயலிகள் சிம் அதே செல்போனில் இல்லையென்றால் திறக்காது என்பதால், பணத்துக்கு ரொக்கமும் கார்டும் கையில் இருக்கட்டும். பட்டன் போன் 4ஜி வகையாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள், பழைய பட்டன் போன் அங்கே வேலை செய்யாது.

கூட்டத்தில் எங்கே கவனம் தவறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்குக் கீழே நின்று, 272 படிகளும் சேர்ந்து விழும்படி படம் எடுப்பதற்காக எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் இடத்தில், பையைப் பற்றிய நினைவே யாருக்கும் இருக்காது. படம் எடுத்தவுடன் செல்போனைச் சட்டையின் மேல்பையில் வைக்காமல், கழுத்தில் மாட்டி உள்ளே விடும் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். சாலையோரம் நடக்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. வண்டி ஓடும் பக்கத்துக் கையில் செல்போன் வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு உள்ள வேலைகளில் முதலாவது அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குவது. அதற்கு அப்பாவே ஆதாருடன் நேரில் போக வேண்டும். கைரேகை பதியாமல் பெரியவர்கள் திண்டாடுவது வழக்கம் என்பதால் அவசரமில்லாத நாளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். மாற்று சிம் இயங்கத் தொடங்கிய 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகள் வராது. சிம் மாற்று மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி அது. ஓடிபி வரவில்லையே என்று அந்த ஒரு நாள் வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டாம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துத் தடை செய்வது பற்றியும் கேட்பீர்கள். அந்தத் தடை இந்திய நெட்வொர்க்குகளில்தான் செல்லும். மலேசியாவில் திருடுபோன கருவியை அங்கேயே பயன்படுத்துகிறவனை அது தடுக்காது. சில வாரம் கழித்து, உங்கள் செல்போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் கடவுச்சொல்லைப் போட்டால் இருப்பிடம் தெரியும் என்று குறுஞ்செய்தி வரலாம். பூட்டைத் திறக்க வழியில்லாமல் திருட்டுக் கும்பல் அனுப்பும் தூண்டில் அது. அப்பாவுக்கு வந்தால் திறக்காமல் உங்களிடம் காட்டச் சொல்லி வையுங்கள்.